பேரன்மேல் போட்ட பழி

மெஹராஜ் என்ன வேலை பார்க்கிறார் என்பதை உறவுக்காரர்களுக்கு விளங்க வைப்பது கொஞ்சம் சிரமம். கோட்டைமேட்டில் விசேஷங்களுக்குப் பாத்திரம் வாடகைக்கு விடுகிற ரசாக்கின் மனைவி, அவிநாசி ரோட்டில் ஒரு இன்டர்நெட் கம்பெனிக்குப் போய்வருகிறார் என்பது வரைக்கும் எல்லோருக்கும் தெரியும். அங்கே போய் என்ன செய்கிறார் என்று கேட்டால்தான் வம்பு. விட்டுப் போனவர்களைக் கூப்பிட்டு, ஏன் போனீர்கள் என்று கேட்டு, திரும்பி வரச் சொல்லுகிற வேலை. "புருசங்கிட்டக் கோவிச்சுக்கிட்டுப் போன பொண்ணுகளையா?" என்று ஒரு நிக்காஹ் வீட்டில் ஒரு பெரியம்மா கேட்டார். மெஹராஜ் சற்று யோசித்துப் பார்த்து, "கிட்டத்தட்ட அப்படித்தானுங்க" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டைக் கவனிக்க ஆரம்பித்தார்.

கம்பெனியின் பெயர் விசாரி. பிளம்பர் வேண்டுமா, பவானி ஜமக்காளம் வேண்டுமா, வால்பாறையில் ஒரு ராத்திரி தங்க ரூம் வேண்டுமா, பல்லடத்தில் கோழிக்குஞ்சு வேண்டுமா, போனில் விசாரியைத் திறந்து கேட்டால் கடையும் வழியும் நம்பரும் வந்து நிற்கும். நிற்க வேண்டும் என்பது ஏற்பாடு.

இதை ஆரம்பித்தவர் சென்னியப்பன். பம்ப்செட் செய்து பெயர் வாங்கியவர். கோயமுத்தூரில் பம்ப்செட் செய்யத் தெரிந்தவருக்கு உலகத்தில் மற்ற எதையும் செய்யத் தெரியும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அதைச் சோதித்துப் பார்க்கும் துணிச்சல் அவருக்கும் இருந்தது. ஒருநாள் தன் பம்ப்செட் கம்பெனியின் ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு, உலகமே உபயோகிக்கிற அந்தப் பெரிய மேப்பில் தன் கம்பெனியைத் தேடிப் பார்த்தார். "நிரந்தரமாக மூடப்பட்டது" என்று வந்தது. சுற்றிலும் லேத் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு ஆட்கள் மோட்டார் தூக்கிக்கொண்டு போனார்கள். சென்னியப்பன் போனையும் மோட்டாரையும் மாறி மாறிப் பார்த்தார். மற்றவர்களாக இருந்தால் ஒரு புகார் அனுப்பிவிட்டுப் போயிருப்பார்கள். அவர் போட்டிக் கம்பெனி ஆரம்பித்தார்.

அந்தப் பெரிய கம்பெனியின் பெயரை விசாரி ஆபீஸில் யாரும் சொல்வதில்லை. தடை என்று எழுதிப் போடவில்லை. முதலாளி மனசு கஷ்டப்படுமே என்று எல்லோரும் தாமாகவே விட்டுவிட்டார்கள். "அவிய" என்று மட்டும் சொல்வார்கள். "அவிய புதுசா ஒண்ணு விட்டிருக்காங்க." "அவியகிட்ட சந்து சந்தாப் போட்டோ இருக்குதுங்க." எதிரியைக்கூட மரியாதை குறையாமல் சொல்லுகிற ஊர். விசாரியின் கம்ப்யூட்டர் பிள்ளைகளுக்கு வேலையில் சந்தேகம் வந்தால் அவியகிட்டத்தான் தேடுவார்கள். சென்னியப்பன் அந்தப் பக்கம் வந்தால் திரையை மூடிவிடுவார்கள். அவரும் வருவதற்கு முன்னால் ஒருதரம் இருமிவிட்டுத்தான் வருவார்.

மெஹராஜின் பிரிவுக்கு "திரும்பி வாங்க பிரிவு" என்று பெயர். பிரிவு என்றால் மெஹராஜ் ஒருவர்தான். ஒரு மேஜை, காதில் மாட்டுகிற ஒரு மைக், தொண்டைக்கு மிளகு மிட்டாய் ஒரு டப்பா. ஆப்பைப் போனிலிருந்து அழித்தவர்களின் நம்பர் காலையில் வந்துவிடும். சாயங்காலம் வரை கூப்பிட வேண்டும். மெஹராஜின் குரல் அதற்கென்றே அமைந்த குரல். தலைவலிக்கிற நாளில்கூட அந்தக் குரலில் தலைவலி தெரியாது. "ஏனுங்க, விசாரியிலிருந்து பேசறேனுங்க. சாப்டீங்களா?" என்று ஆரம்பித்தால், எதிர்ப்பக்கம் இருப்பவர் சாப்பிட்டதையும், சாப்பிடாவிட்டால் ஏன் சாப்பிடவில்லை என்பதையும் சொல்லிவிடுவார். ஆப்பை ஏன் அழித்தார் என்பதை மட்டும் சொல்லமாட்டார்.

கொங்கு நாட்டில் ஒருவரைப் பார்த்து, "உங்க சரக்கு சரியில்லைங்க" என்று சொல்ல வேண்டுமானால், சொல்லுகிறவர் ஒன்று வெளியூர்க்காரராக இருக்க வேண்டும், இல்லை சொந்தப் பங்காளியாக இருக்க வேண்டும். மற்றவர்களுக்கு வாய் வராது. அதிலும் சாப்பிட்டீங்களா என்று கேட்டுவிட்ட ஒரு பெண்பிள்ளையிடம் எப்படி வரும்?

"நல்லா இருந்துச்சுங்க அம்மணி. ஒரு கொறையும் இல்லீங்க. பேரன் கையை வெச்சுப்போட்டான்."

கோபியிலும் பேரன். தாராபுரத்திலும் பேரன். உடுமலையில் பேரனும் பேத்தியும் சேர்ந்து. கல்யாணமே ஆகாத ஒரு வாத்தியார் பேரன்மேல் பழி போட்டார். மீசைகூட முளைக்காத குரல் ஒன்று, "என்ற பேரன் அழிச்சுட்டானுங்க" என்று சொல்லிவிட்டு, சொன்னதைத் தானே கேட்டுத் திடுக்கிட்டு, போனை வைத்தது. அழித்தவர்களில் பாதிப்பேர் மெஹராஜ் கேட்டுக்கொண்டதற்காக ஆப்பை மறுபடி இறக்கிக்கொள்வார்கள். கூப்பிட்ட மரியாதைக்காகக் கொஞ்சநாள் வைத்திருந்துவிட்டு, பிறகு சத்தமில்லாமல் அழிப்பார்கள். மறுபடி நம்பர் வரும். மறுபடி கூப்பிடுவார். மறுபடி பேரன். அவர்களில் சிலபேர் வீட்டு வளைகாப்பு வரைக்கும் மெஹராஜுக்குப் பழக்கமாகிவிட்டது.

மெஹராஜ் இதை நம்பினாரா என்று கேட்டால், நம்பவில்லை. ஆனால் கேட்டதை அடிப்பது அவர் வேலை. நம்புவது மேலிடத்தின் வேலை. "காரணம்: பேரன்" என்று அடித்து அடித்து அந்த எழுத்துகளெல்லாம் கீபோர்டில் மங்கிவிட்டன.

மேலிடம் நம்பியது. மாதாந்திரக் கூட்டத்தில், கம்ப்யூட்டர் பிள்ளைகளுக்குத் தலைவியான டீனா ஒரு வட்டம் போட்டுக் காட்டினாள். வட்டம் முழுக்கப் பேரன். ஒரு துண்டு பேத்தி. கீழே கீற்றாக ஒன்று, "போன் தண்ணீரில் விழுந்தது". சென்னியப்பன் வெகுநேரம் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க டீனா, இந்தப் பசங்க அவிய ஆப்பை மட்டும் ஏன் அழிக்கறதில்லை?"

அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போயிருந்தால் விசாரியின் கதையே வேறாகியிருக்கும். ஆனால் அதற்கு ஒருவர் வாயைத் திறந்தாக வேண்டும். டீனா நல்ல பிள்ளை. சண்டே ஸ்கூலில் பாடம் எடுத்துப் பழகியவள். பிரச்சினை என்று ஒன்று வந்தால் அதற்கு விடை என்று ஒன்று கொடுத்துத்தான் அவளுக்குப் பழக்கம். "ஒரு பூட்டு போட்டுரலாமுங்க சார்" என்றாள்.

இப்படித்தான் பேரன் பூட்டு பிறந்தது. கம்பெனியின் புத்திசாலிகள் எல்லோரும் வழி சரியாகக் காட்டுவதையும், செத்துப்போன நம்பர்களை எடுப்பதையும் ஓரமாக வைத்துவிட்டு, மாதக்கணக்கில் அந்தப் பூட்டைச் செய்தார்கள். ஒருநாள் காலையில் ஆப்பைத் திறந்த எல்லோரிடமும், "குழந்தைகள் அழித்துவிடாமல் பூட்டு போடட்டுங்களா?" என்று அது கேட்டது. 'சரி' என்று ஒரு பொத்தான், 'வேண்டாம்' என்று ஒரு பொத்தான். வேண்டாம் என்பதை யார் அழுத்துவார்கள்? ஒறம்பரையாகப் போன சொந்தக்காரர் வீட்டில் காப்பி வேண்டாம் என்று சொன்னமாதிரி ஆகாதா? எல்லோரும் சரியை அழுத்தினார்கள்.

அதற்குமேல் ஆப்பை அழிக்கப் போனால் ஒரு கேள்வி வரும். பெரியவர்கள்தான் அழிக்கிறார்கள் என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டுமல்லவா? அதற்காகப் பதினேழாம் வாய்ப்பாட்டிலிருந்து ஒரு கணக்கு. யோசிக்கக் கொஞ்சநேரம்தான் கிடைக்கும். கால்குலேட்டரைத் திறக்கப் போனால் கணக்கு மாறிவிடும். பதினேழாம் வாய்ப்பாடு தெரிந்தவர் பெரியவர் என்று எப்படி முடிவு செய்தார்கள் என்பது அவர்களுக்கே வெளிச்சம். ஊரில் பதினேழாம் வாய்ப்பாடு தெரிந்தவர்கள் பள்ளிக்கூடம் போகிற பேரன்மார்கள் மட்டும்தான்.

பூட்டு போட்ட மாதமே, விட்டுப் போகிறவர்களின் நம்பர் கொட்டிக்கொண்டிருந்தது சொட்டுகிற அளவுக்கு வந்துவிட்டது. வீட்டில் வாய்ப்பாடு படிக்கிற பிள்ளை இருந்தவர்கள் மட்டும் அழித்துவிட்டுப் போனார்கள். மற்றவர்கள் பூட்டுக்குள் இருந்தார்கள். ஆப்பைத் திறப்பதும் இல்லை, அழிப்பதும் இல்லை. கணக்கில் பார்த்தால் எல்லோரும் விசாரியோடு சந்தோஷமாகக் குடித்தனம் நடத்துவதாகத்தான் தெரிந்தது. ஆபீஸில் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார்கள். சென்னியப்பன் எழுந்து, "நம்ம சனம் நம்மளை உட்டுப் போகலீங்க. சின்னப் பசங்க வெளையாட்டுத்தான் அத்தனையும்" என்று சொல்லும்போது கண் கலங்கியது.

பிறகு மெஹராஜின் மேஜைக்கு வந்தார். கையில் இன்னொரு மைசூர்பாகு.

"ஏனுங்க அம்மணி, தொண்டை பரவாயில்லீங்களா?"

"பரவாயில்லைங்க சார்."

"எத்தனை வருசமாப் பேசிப்போட்டீங்க. இனி ஆரும் போறதில்லீங்களே. இந்த மாசத்தோட நீங்க சித்த ரெஸ்ட் எடுங்களேன்."

"சரிங்க சார்" என்றார் மெஹராஜ். உக்கடம் பஸ்ஸில் ஏறி, மேம்பாலத்துத் தூண்களை எண்ணாமல் எண்ணிக்கொண்டு வருகிறபோதுதான், வேலை போய்விட்டது என்பது மெல்ல விளங்கியது. அத்தனை பதமாகச் சொன்னதால் இனிப்பைச் சாப்பிட்டு முடித்த பிறகுதான் உறைத்தது.

வீட்டில் சொல்லவில்லை. ரசாக்கின் கடை கல்யாண மாதங்களில் ஓடும். மற்ற மாதங்களில் பிரியாணி தேக்சாக்கள் ஒன்றுக்குள் ஒன்றாகக் கவிழ்ந்து கிடக்கும். மகள் யுஸ்ரா கல்லூரியில் இரண்டாம் வருடம். மெஹராஜின் சம்பளம்தான் குடும்பத்தை ஓடாத மாதங்களில் ஓட்டியது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வீட்டு அஸ்திவாரத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதைப் போல.

மறுநாள் காலை இட்லியைப் பிட்டுக்கொண்டே ரசாக் கேட்டார். "மெஹரு, என்னைய எப்பக் கொளத்துல இருந்து தூக்குவீங்க?"

நான்கு வருடத்துக்கு முன்னால் மெஹராஜ் ஆசையாகக் கணவரின் கடையை விசாரியில் ஏற்றினார். விசாரி அந்தக் கடையை உக்கடம் பெரியகுளத்தின் நட்டநடுவில் கொண்டுபோய் வைத்தது. அன்றிலிருந்து கரையில் நின்றுகொண்டு யாராவது கூப்பிடுவார்கள். "பாய், கடைக்கு எப்படிங்க வர்றது? பரிசல் வெச்சிருக்கீங்களா?"

"சொல்லியிருக்கேங்க. எடுத்துருவாங்க" என்றார் மெஹராஜ். அவர் யாரிடமும் சொல்லவில்லை.

"நேத்து வந்தவரு அவிய மேப்புல பார்த்து நேரா வந்துட்டாரு. படமெல்லாம் போட்டிருக்குதாம். ஆரு போட்டாங்கன்னு தெரியலை" என்று ரசாக் சட்னியைப் பார்த்துச் சொன்னார். யார் போட்டது என்று அவருக்குத் தெரியும். யுஸ்ரா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அந்த வீட்டிலும் மெஹராஜின் மனசு நோகக்கூடாது என்று எல்லோரும் சேர்ந்து ஒரு பொய்யைப் பொறுப்பாக வளர்த்துக்கொண்டிருந்தார்கள்.

வேலையில்லாத வேலைக்குப் போவது போல அசதி தருவது வேறொன்றும் இல்லை. மெஹராஜ் போனார். மைக்கைத் துடைத்தார். ஒன்றிரண்டு நம்பர் வரும், கூப்பிட்டால் பேரன், இந்தத் தடவை உண்மையாகவே பேரன். மாதம் கரைந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் பல்லடத்திலிருந்து குழந்தையம்மாள் வந்தார். ஒரு கையில் ஒரு அட்டை நாட்டுக்கோழி முட்டை, இன்னொரு கையில் போன். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, "இங்க மெஹராஜுங்கறது ஆருங்க?" என்று கேட்டார்.

"நானுங்க. வாங்கம்மா, உக்காருங்க."

"நீங்கதானா கண்ணு! கொரலை வெச்சு இன்னும் ஒல்லியா இருப்பீங்கன்னு நெனச்சேன்." முட்டையை மேஜையில் வைத்தார். "நான் குழந்தையம்மாளுங்க, பல்லடத்துல கோழிப்பண்ணை. போன வருசம் நீங்க கூப்பிட்டீங்க. பேரன் அழிச்சுப்போட்டான்னு சொன்னேன். நீங்க கேட்டீங்களேன்னு மறுக்கா எறக்கிக்கிட்டேன்."

"ஞாபகம் இருக்குதுங்க. சொல்லுங்க."

"இதைச் சித்த எடுத்துக் குடுத்துருங்க கண்ணு. போன் ரொம்பிப்போச்சு. பொண்ணுக்கு மாப்ள போட்டோ அனுப்பறாங்க, எறங்கவே மாட்டேங்குது. சுத்திக்கிட்டே இருக்குது. பாதி நெத்தி வரைக்கும்தான் தெரியுது. நெத்தியைப் பார்த்துப் பொண்ணு குடுக்க முடியுங்களா? எதையாச்சும் அழிக்கலாம்னா இது கணக்குக் கேக்குது. பதினேழைப் பதிமூணால பெருக்கச் சொல்லுது. நான் எங்கீங்க போவேன்?"

"பேரனைக் கேட்டிருக்கலாமுங்களே?" என்றார் மெஹராஜ். குறும்பாகக் கேட்கவில்லை. பழக்க தோஷத்தில் வாய் கேட்டுவிட்டது.

குழந்தையம்மாள் மெஹராஜைப் பார்த்தார். மெஹராஜ் குழந்தையம்மாளைப் பார்த்தார். முட்டை அட்டை இருவருக்கும் நடுவில் இருந்தது.

"எனக்கு ஏது கண்ணு பேரன்" என்றார் குழந்தையம்மாள். "ஒரே பொண்ணு. அவளுக்குத்தான் இப்ப மாப்ளை பாக்கறோம்."

மெஹராஜ் தன் போனில் பெருக்கிப் பார்த்து விடையைப் போட்டுக்கொடுத்தார். விசாரி அழிந்தது. சற்றுநேரத்தில் மாப்பிள்ளையின் மூக்கு வந்தது, மீசை வந்தது. குழந்தையம்மாள் போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்து, "பரவாயில்லை" என்றார்.

"அம்மா, ஒண்ணு கேக்கறேன். நெசத்தைச் சொல்லுங்க. போன வருசம் எதுக்கு அழிச்சீங்க?"

"அதெல்லாம் எதுக்குங்க இப்ப. நல்லாத்தான் இருந்துச்சு."

"இந்த மாசத்தோட எனக்கு வேலை போகுதுங்க. போறதுக்குள்ள ஒருத்தர் வாயிலயாச்சும் நெசத்தைக் கேட்டுட்டுப் போறேன்."

குழந்தையம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சித்திரை வெயிலுங்க. செட்டுல தண்ணி தெளிக்கற மோட்டார் நின்னுபோச்சு. மத்தியானம். குஞ்சுக வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குது. உங்க ஆப்புல மோட்டார் ரிப்பேருன்னு கேட்டேன். பக்கத்துலயே ஒரு கடை இருக்குதுன்னு காட்டுச்சு. கூப்பிட்டா மணி அடிக்குது, எடுக்கலை. சரின்னு வண்டியை எடுத்துக்கிட்டுப் போனேன். அந்த எடத்துல வளையல் கடை. கேட்டா, மோட்டார்க்காரரு கடையைக் காலி பண்ணிக் காலமாச்சுங்கறாங்க. திரும்பி வர்றதுக்குள்ள..." கையை மட்டும் விரித்தார். "பக்கத்துத் தோட்டத்துப் புள்ள அந்தப் பெரிய மேப்புல தேடி உடனே ஒரு ஆளைக் கூட்டியாந்துச்சு. மிச்சம் பொழைச்சுது. பாதிச் செட்டுப் போச்சு கண்ணு. கூட்டி அள்ளிக் குழியில போட்டோம்."

"இதை ஏனுங்க நீங்க எங்கிட்டச் சொல்லலை?"

"எப்படிங்க சொல்றது? நான் குழிவெட்டி மூடிப்போட்டு வந்து உக்காந்திருக்கேன், நீங்க கூப்பிட்டு, சாப்டீங்களான்னு கேக்கறீங்க. அன்னைக்கு என்னைய ஆருமே அதைக் கேக்கலை. உங்க கொரலைக் கேட்டாப் பொய் சொல்லத்தானுங்க தோணுது."

மெஹராஜ் மிளகு மிட்டாயைத் தேடினார். இத்தனை வருடமும் இந்தக் குரலை வைத்துத்தான் சோறு தின்றார். இந்தக் குரலே உண்மை உள்ளே வராமல் கதவைச் சாத்திக்கொண்டு நின்றிருக்கிறது.

குழந்தையம்மாளைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து, சென்னியப்பனின் அறைக்குப் போனார். இதைச் சொன்னால், தான் இத்தனை வருடம் அடித்துக் கொடுத்ததெல்லாம் பொய் என்று ஆகும். இருக்கிற மிச்ச மாதமும் இருக்காது. சொல்லாவிட்டால் மரியாதையோடு ரெஸ்ட் எடுக்கலாம். இரண்டிலும் வேலை இல்லை. அதனால்தானோ என்னவோ கால் கொஞ்சம் லேசாக நடந்தது.

"வாங்க அம்மணி. டீ சொல்லட்டுங்களா?"

"வேண்டாமுங்க சார்."

சென்னியப்பன் நிமிர்ந்து பார்த்தார். வேண்டாம் என்று மெஹராஜ் சொல்லி அவர் கேட்டதே இல்லை. விஷயம் பெரிது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

மெஹராஜ் பல்லடத்துச் சங்கதியைச் சொன்னார். சென்னியப்பன் பேனாவை மூடித் திறந்து மூடினார். "ஒருத்தருங்க. ஒரு எடத்துல தப்பு நடந்துபோச்சு. அதை வெச்சு எல்லாப் பேரனும் பொய்யின்னு சொல்ல முடியுங்களா?"

"சார், எங்க ஊட்டுக்காரர் கடையை நம்ம கொளத்துக்குள்ள வெச்சிருக்கோம். நாலு வருசமா."

"எந்தக் கொளமுங்க?"

"பெரியகொளம். நட்டநடுவுல."

"நீங்க சொல்லவே இல்லீங்களே! போன வருசம்கூடக் கேட்டனே, பாய் கடைக்கு நம்ம ஆப்பு பிரயோசனமா இருக்குதுங்களான்னு?"

"நல்லா இருக்குதுங்கன்னு சொன்னேன்."

"ஏனுங்க?"

"நீங்க சந்தோசமாக் கேட்டீங்க சார்."

சென்னியப்பன் எழுந்து போய் ஜன்னல் ஓரம் நின்றார். கீழே அவிநாசி ரோட்டில் வண்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு போன், ஒவ்வொரு போனிலும் அவிய குரல் வலது பக்கம் திரும்பச் சொல்லிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. அவர் திரும்பாமலே பேசினார்.

"தைப் பொங்கல் முடிஞ்சு சிநேகிதன் மகன் கல்யாணம், திருப்பூர்ல. நம்ம ஆப்பைப் போட்டுக்கிட்டுத்தான் போனேன். கொண்டுபோய் ஒரு மண்டபத்துல உட்டுச்சுங்க. நல்ல கூட்டம். சந்தனம் குடுத்தாங்க. மேடையில ஏறி மாப்ள கையில கவரைக் குடுத்துட்டுப் பார்த்தா, அது சிநேகிதன் மகன் இல்லை."

மெஹராஜ் வாயைப் பொத்திக்கொண்டார்.

"கேட்டு வாங்க முடியுங்களா? போட்டோவுக்கு நின்னேன். கூப்பிட்டு உக்கார வெச்சாங்க, சாப்பிட்டுப்போட்டு வந்தேன். ரசம் நல்லா இருந்துச்சு. ஆரு ஊட்டுக் கல்யாணம்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாதுங்க. வந்து டீனாகிட்டச் சொல்லலாம்னு இருந்தேன். அந்தப் புள்ள ஞாயித்துக்கிழமைகூடச் சர்ச்சுக்குப் போய்ட்டு நேரா இங்க வந்து உக்காந்திருக்குது. எப்படிச் சொல்றது?"

"சொல்லாதது நல்லதுங்க சார்" என்று சொல்ல வந்த மெஹராஜ், அதை விழுங்கிவிட்டு, "சொல்லியிருக்கோணுங்க சார்" என்றார்.

டீனாவைக் கூப்பிட்டார்கள். இருவரும் சேர்ந்து சொன்னார்கள். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்து சென்னியப்பன் கைக்குட்டையை எடுத்து வைத்திருந்தார். டீனா அழவில்லை. "அந்தச் செத்த நம்பர்களை எடுக்கணும்னு நான் மூணு தடவை எழுதிக் குடுத்தேன் சார். நீங்க பூட்டைப் பார்த்துச் சந்தோசப்பட்டீங்க. அதனால விட்டுட்டேன்" என்றாள். பிறகு கொஞ்சம் கோபமாக, "பதினேழாம் வாய்ப்பாடு என் யோசனை இல்லை. உங்க யோசனை" என்றாள். சென்னியப்பன் யோசித்துப் பார்த்து, ஆமாம் என்று ஒப்புக்கொண்டார்.

மறுநாள் பூட்டை எடுத்தார்கள். "இனி அழிக்க விரும்பினால் அழித்துக்கொள்ளலாமுங்க. இடைஞ்சலுக்கு மன்னிக்கணும்" என்று எல்லாப் போனுக்கும் ஒரு செய்தி போனது.

போனார்கள். விசேஷ வீட்டில் பந்தி முடிந்ததும் எழுந்து போகிறமாதிரி, ஒருவருக்கொருவர் வழிவிட்டு, முண்டியடிக்காமல், ஆனால் எல்லோரும் போனார்கள். மத்தியானத்துக்குள் மெஹராஜின் திரையில் நம்பர்கள் மேலிருந்து கீழே ஓடி, கீழே இடம் போதாமல் இன்னொரு பக்கத்துக்குப் போயின. ஊர் ஊராகக் காலியாவதைப் போல இருந்தது: ஈரோடு, அவிநாசி, சத்தி, பொள்ளாச்சி. டீனா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, "அக்கா, இத்தனையும் நீங்க கூப்பிட வருசமாகும்" என்றாள்.

கம்பெனி அத்தனை நாள் இருக்குமா என்று யாரும் கேட்கவில்லை. மாதக் கடைசி வந்தது. மெஹராஜ் தன் டப்பாவையும் டிபன் பையையும் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். சென்னியப்பன் வந்தார். அவர் கையிலும் ஒரு மைக் இருந்தது. அதை எந்தக் காதில் மாட்டுவது என்று இரண்டு காதிலும் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெஸ்ட்டுன்னு சொன்னீங்களே சார்" என்றார் மெஹராஜ்.

"அது அப்பறம் பார்த்துக்கலாமுங்க. இப்ப ஆளில்லை." எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். "இதை எப்படிங்க ஆரம்பிக்கறது? சாப்டீங்களான்னா?"

"அதை மட்டும் கேக்காதீங்க சார். கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

அவர் முதல் நம்பரைக் கூப்பிட்டார். "ஏனுங்க, விசாரி சென்னியப்பன் பேசறேன்... இல்லீங்க, விக்கறதுக்கு இல்லை... ஆமாங்க, அழிச்சது சரிதானுங்க... ஏன்னு மட்டும்..." பிறகு கேட்டுக்கொண்டே இருந்தார். முகம் மட்டும் மெல்லச் சிவந்துகொண்டு வந்தது. ஒரு காகிதத்தை இழுத்து எதையோ எழுதினார். "அப்படியுங்களா... அங்கயுமா..." என்றார். இன்னொரு காகிதம் எடுத்தார்.

மெஹராஜ் தன் திரையில் அடுத்திருந்த நம்பரைப் போட்டார். காலையிலிருந்து பேசிப் பேசிக் குரல் கம்மி, கரகரவென்று வந்தது. சரி செய்துகொள்ள மிளகு மிட்டாய் தேடவில்லை. பவானியில் ஜமக்காளக் கடை வைத்திருக்கும் கருப்புசாமி எடுத்தார்.

"நல்லாத்தானுங்க இருந்துச்சு" என்றார் கருப்புசாமி. "வீட்ல சின்னப் பையன்..."

"சார், பையனை உடுங்க. நாங்க என்ன தப்புப் பண்ணினோம்னு சொல்லுங்க. திட்டணும்னா திட்டியே சொல்லுங்க."

அந்தப் பக்கம் தறிச் சத்தமா மின்விசிறிச் சத்தமா, ஏதோ ஒன்று கேட்டுக்கொண்டிருந்தது. கருப்புசாமி தொண்டையைக் கனைத்தார்.

"கோவிச்சுக்க மாட்டீங்களே அம்மணி?"

"மாட்டேனுங்க."

"அப்ப லைன்லயே இருங்க. கதவைச் சாத்திப்போட்டு வாரேன்."